தாய்ப்பலகை மாற்றமும் தரவுக் காப்பும்

பதுளை மாவட்டத்திலே, பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களாகிய மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. அக்காலத்து மின்கம்பி வழியே பாயும் மிகையழுத்தம் கணினியின் தாய்ப்பலகையைப் பழுதாக்குதலுண்டு. பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் இவ்வாறு நேரின், மாணவர் பதிவுகள் யாவும் அழிந்தனவென்று கலங்குதல் இயல்பே. ஆயின், எது எங்கே உறைகின்றதென்று அறிந்தார்க்கு அக்கலக்கம் பெரும்பாலும் வேண்டாததாகும்.

மாணவர் பெயர், புள்ளி, கடிதம் ஆகியனவும், கணினியை இயக்கும் மென்பொருளும் வன்தட்டிலே உள்ளன. தாய்ப்பலகையில் உறைவன சிலவே: தொடக்க அமைப்புகள், நாணய வடிவ மின்கலத்தால் ஓடும் கடிகாரம், சில கணினிகளில் வன்தட்டின் மறையாக்கத்துக்குரிய திறவுகோல் என்பன அவை. இவற்றுட் கடைசியானதே ஆபத்து விளைப்பது. விண்டோசின் பிட்லாக்கர் தட்டைப் பூட்டியிருப்பின், பலகை மாறியதும் 48 இலக்க மீட்பெண்ணைக் கேட்கும். அஃது இல்லையேல், தட்டு நலமாயிருந்தும் அதிலுள்ளதைப் படித்தல் இயலாது. சேமிப்பகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மடிக்கணினிகளில், பலகையோடு தரவும் போய்விடும்.

ஆதலின், கணினி இயங்கும்போதே தரவை வேறொரு தட்டிற் படியெடுத்தலும், மீட்பெண்ணைத் தாளில் எழுதி வைத்தலும், தொடக்க அமைப்புத் திரையைப் படம்பிடித்தலும் முதற்கடன். பலகை முற்றாகச் செயலிழந்தபின்னராயின், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படியெடுக்கலாம்.

மாற்றும்போது மின்தொடுப்பை நீக்கி, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குதல் வேண்டும். செயலியின் பொருத்துவாயும் நினைவகத்தின் வகையும் புதிய பலகைக்கு ஒத்தனவாயிருத்தல் அவசியம். டீடீஆர் 4 நினைவகம் டீடீஆர் 5 பலகையிற் பொருந்தாது. தொடக்க முறையையும் தட்டு இணைப்பு முறையையும் முன்பிருந்தவாறே அமைத்தால், விண்டோசு 10, 11 என்பன பெரும்பாலும் புதிய பலகையைத் தாமே இனங்கண்டுகொள்ளும். உரிமத்தை மட்டும் மீளச் செயற்படுத்த வேண்டிவரலாம். மின்னல் வன்தட்டையும் தாக்கியிருப்பின் இம்முயற்சி யாவும் வீண். முன்னரே எடுத்த படி ஒன்றே துணையாகும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முன்னோர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டியபோது, அச்சான்றைக் காட்டவியலாது நாடற்றோரானவர் மலையகத் தமிழருட் பலராவர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அக்குறை முற்றும் தீராதிருந்தது. பதிவொன்றின் பெறுமதியை இவ்வாறு பட்டறிந்த சமூகத்தின் பாடசாலைகளிலே, பலகை பழுதாகுமுன் படியெடுத்தல், சுவடி சிதையுமுன் ஏட்டைப் பெயர்த்தெழுதியோர் செய்த பணியை ஒத்ததாகும்.