ஆறாவது பரிசோதனைக்கு என்ன செலவு?

ஒரு டாலரில் முடிந்த பரிசோதனை அது. அதைக்கொண்டு ஒரே ஒரு நோயாளியைக் கூடுதலாகக் கண்டுபிடிக்க 4 கோடியே 71 லட்சம் டாலர் ஆகும் என்று 1975-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அச்சுப்பிழை அல்ல. எழுதியவர்கள் டங்கன் நியூஹவுசர், ஆன் லெவிக்கி.

பெருங்குடலில் புற்றுநோய் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசிவதுண்டு. மலத்தில் கலந்திருக்கும் அந்த ரத்தத்தைக் காட்டிக்கொடுப்பது குவாயாக் பரிசோதனை. ஒரு முறை தவறினால் மறுமுறை சிக்கும் என்று, ஆறு முறை செய்யும் நடைமுறையை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஆதரித்திருந்தது. அன்று முதல் பரிசோதனைக்கு 4 டாலர், அடுத்தடுத்தவற்றுக்குத் தலா 1 டாலர். ரத்தம் தென்பட்டவர்களுக்குப் பேரியம் எனிமா கொடுத்து எக்ஸ்-ரே எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு 100 டாலர்.

10,000 பேரில் 72 பேருக்கு நோய் இருப்பதாகவும், ஒவ்வொரு பரிசோதனையும் நூற்றுக்குச் சுமார் 92 நோயாளிகளைப் பிடிக்கும் என்றும் இருவரும் வைத்துக்கொண்டார்கள். ஆறும் முடிந்தால் மொத்தச் செலவு 1,76,331 டாலர். கண்டுபிடித்த நோயாளி ஒருவருக்குச் சராசரி 2,451 டாலர். உயிர் காக்கும் விஷயத்தில் இதை யார் அதிகம் என்பார்கள்?

சராசரியைப் பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். முதல் பரிசோதனையிலேயே ஏறத்தாழ 66 பேர் சிக்கிவிடுகிறார்கள். இரண்டாவதில் இன்னும் ஐந்தாறு பேர். அதற்குப் பிறகு பிடிக்க அநேகமாக ஆளே இல்லை. ஆனாலும் ஆறாவது முறைக்கு 13,190 டாலர் கூடுதலாகச் செலவாகிறது. அதில் 10,000 டாலர் பரிசோதனைக்கு. மீதி 3,190? நோயே இல்லாத சுமார் 32 பேரைத் தவறாகச் சந்தேகித்து எக்ஸ்-ரேக்கு அனுப்பிய செலவு. ஒரு பரிசோதனையின் செலவு அதன் கட்டணத்தோடு நிற்பதில்லை. அது கிளப்பிவிடும் வேலைகளும் அதன் கணக்கில்தான் சேரும். இவ்வளவுக்கும் பலன், ஒரு நோயாளியில் பத்தாயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை. வகுத்தால் வருவதுதான் அந்த 4.71 கோடி. பொருளாதாரப் பாடத்தில் இறுதிநிலைச் செலவு என்று படித்திருப்போமே, அதுதான் இது.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. முதல் முறை தப்பிய நோயாளி அடுத்த முறை சிக்க அதே 92 சதவீத வாய்ப்பு என்பது வெறும் அனுமானம். கசியாத கட்டியை எத்தனை முறை சோதித்தாலும் அகப்படாது. 1990-ல் பிரவுன், பர்ரோஸ் இருவரும் எழுதிய மறுப்பு, அப்படி ஒரு 4.7 கோடியே கிடையாது என்று தலைப்பிலேயே அடித்துச் சொன்னது. வேலைக்கு லீவு போட்டவரின் கூலி, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு, முடிவு வரும்வரை தின்னும் பயம் இவை எதுவும் அந்த 4, 1, 100 டாலருக்குள் வரவில்லை என்பது என் குறை.

அனுமானம் ஆடினாலும் அந்தக் கட்டுரை கற்றுக்கொடுத்த முறை ஆடவில்லை. ஒரு நோயாளிக்குச் சராசரி இவ்வளவுதான் என்று ஒரு பரிசோதனைத் திட்டத்தை யாராவது நீட்டினால், கடைசியாகச் சேர்த்த சுற்றுக்கு எவ்வளவு, அதில் புதிதாகச் சிக்கியவர் எத்தனை பேர் என்று தனியாகக் கேளுங்கள்.