பதிவேட்டில் ஏறாத மணிகள்: முகமைப் பணியில் நீள்பணிநேரமும் பணிச்சோர்வும் – டென்ட்சு வழக்குகளை முன்வைத்து

முன்னுரை

மக்கள் தொடர்பு முகமைகளும் விளம்பர முகமைகளும் பெரிதும் விற்பது ஊழியரின் நேரத்தையே. வாடிக்கையாளர் நிறுவனம் மாதந்தோறும் ஒரு நிலைக்கட்டணம் செலுத்துகிறது. அக்கட்டணத்திற்கு இத்தனை மணிநேர உழைப்பு என முகமை கணக்கிட்டுக்கொள்கிறது. வாடிக்கையாளருக்கு நெருக்கடி நேரும் நாளிலும், ஓர் அறிக்கையை நான்காம் முறையாகத் திருத்தித் தரவேண்டிய இரவிலும் அக்கணக்கு மீறப்படுகிறது, கட்டணமோ மாறுவதில்லை. இவ்வாறு மிகும் உழைப்பைத் துறையினர் ‘ஓவர் சர்வீசிங்’ என்பர். அதன் சுமை யார்மீது இறங்குகிறது என்பதை ஜப்பானின் டென்ட்சு நிறுவனத்தில் நேர்ந்த இரு இறப்புகளைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. டென்ட்சு முதன்மையாக ஒரு விளம்பர முகமை. மக்கள் தொடர்புப் பணியும் அதன் குழுமத்துள் அடங்கும்.

சொல்லும் பொருளும்

‘பர்ன்அவுட்’ என்னும் சொல்லை 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் ஆய்வுலகிற்குக் கொண்டுவந்தார். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981இல் அதற்கோர் அளவுகோலை வகுத்தனர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதனை நோயாகக் கொள்ளாமல், பணியிடத்தின் தீராத அழுத்தத்தால் விளையும் தொழில்சார் நிகழ்வாக வரையறுத்தது. ஆற்றல் வற்றுதல், பணியிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். தமிழில் வழங்கும் ‘பணிச்சோர்வு’ என்னும் சொல் சற்று மென்மையானது. சோர்வு உறங்கி எழுந்தால் நீங்கும். இங்குச் சுட்டப்படுவதோ எரிபொருளே தீர்ந்த நிலை. வேறு சொல் நிலைபெறாமையால் இக்கட்டுரையும் அதனையே ஆள்கிறது.

இரு நிகழ்வுகள்

1990இல் டென்ட்சுவில் சேர்ந்து வானொலிப் பிரிவில் பணியாற்றிய 24 வயது இளைஞர் ஒருவர், நீண்டகால மிகைப்பணியால் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகி, 1991 ஆகஸ்டில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர் தொடுத்த வழக்கில் 2000 மார்ச் 24 அன்று ஜப்பான் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிகைப்பணியால் ஊழியரின் உடல்நலமும் மனநலமும் கெடாமல் காப்பது பணியளிப்பவரின் கடமை என அது நிறுவியது. அவரது கடமையுணர்வும் முழுமை நாடும் இயல்பும் இறப்புக்கு ஒரு காரணம் எனக் காட்டி இழப்பீட்டைக் குறைப்பதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊழியரிடையே இயல்பாகக் காணப்படும் குணவேறுபாடுகளின் எல்லைக்குள் அவை அடங்கும் என்பது அதன் கருத்து. பணிச்சோர்வைத் தனிமனிதப் பலவீனமாகக் காணும் போக்கு இன்றும் நீங்காத நிலையில், இப்பகுதி மீண்டும் மீண்டும் படிக்கத்தக்கது. அந்த இளைஞர் பதிவு செய்திருந்த மிகைநேரம் உண்மையில் உழைத்ததைவிடக் குறைவு என்பதும் மேலாளர்கள் அதனை அறிந்திருந்தனர் என்பதும் அவ்வழக்கில் வெளிப்பட்டன.

இத்தீர்ப்பு வெளிவந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 2015 ஏப்ரலில் அதே நிறுவனத்தில் சேர்ந்து இணைய விளம்பரப் பிரிவில் பணியாற்றிய 24 வயதுப் பெண் ஒருவர் அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று அவ்வாறே உயிர்நீத்தார். அக்டோபர் மாதத்திற்கு அவர் பதிவு செய்திருந்த மிகைநேரம் 69.9 மணி. தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மாத உச்சவரம்பு 70 மணி! நோய் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் ஏறத்தாழ 105 மணி மிகைநேரம் உழைத்தார் எனத் தொழிலாளர் தர ஆய்வு அலுவலகம் கண்டறிந்து, 2016 செப்டம்பரில் அதனைப் பணிமிகையால் நேர்ந்த இறப்பாக ஏற்றது. ஜப்பானியர் இத்தகைய இறப்பைக் ‘கரோஷி’ என்பர். 69.9 என்னும் எண் உழைப்பின் அளவைக் காட்டவில்லை. வரம்புக்கு ஏற்பப் பதிவேடு எழுதப்பட்டதையே காட்டுகிறது.

தீர்வுகளும் அவற்றின் எல்லையும்

நிறுவனம் 2016 அக்டோபரிலிருந்து இரவு 10 மணிக்கு அலுவலக விளக்குகளை அணைத்தது. 1951இல் அதன் தலைவர் யோஷிடா ஹிடேயோ வகுத்த பத்துக் கட்டளைகள் ஊழியர் குறிப்பேட்டிலிருந்து நீக்கப்பட்டன. எடுத்த பணியை உயிர்போயினும் விடாதே என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து. தலைவர் பதவி விலகினார். 2017 அக்டோபரில் டோக்கியோ நீதிமன்றம் நிறுவனத்திற்கு விதித்த அபராதம் 5 லட்சம் யென் மட்டுமே. விளக்கை அணைத்தால் பணி குறையும் என்பதற்கு உறுதியில்லை. மடிக்கணினியோடு அது வீட்டிற்குச் செல்லக்கூடும்.

2018இல் நிறைவேறிய பணிமுறைச் சீர்திருத்தச் சட்டம் மிகைநேரத்தைப் பொதுவாக மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என வரையறுத்தது. சிறப்புச் சூழலில் ஆண்டுக்கு 720 மணிவரை இசைவளித்தது. இவ்வரம்பைக் காட்டிலும் முதன்மையானது அதனோடு சேர்ந்து வந்த மற்றொரு விதி எனலாம். ஊழியர் எழுதித்தரும் கணக்கை மட்டும் நம்பாமல், கணினிப் பயன்பாட்டுப் பதிவு போன்ற புறச்சான்றுகளால் பணிநேரத்தைப் பணியளிப்பவர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அது. இரு இறப்புகளிலும் மறைந்திருந்தவை அந்த மணிகளே.

எனினும் இவ்விதி ஊழியரின் நேரத்தை வெளிப்படுத்துமேயன்றி வாடிக்கையாளரின் கட்டணத்தைத் தொடுவதில்லை. முகமைப் பணியாளரிடையே வினாநிரல்வழிப் பணிச்சோர்வை அளக்கும் ஆய்வாளர், அதே முகமையின் கட்டண ஒப்பந்தம் எத்தனை மணிக்குப் பேசப்பட்டது, கணினிப் பதிவு எத்தனை மணியைக் காட்டுகிறது என்னும் இரண்டையும் கேட்டுப்பெற்று அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.