நொந்தா விளக்கு

திருகோணமலைப் பட்டினத்திற்கு வடமேற்கே, பெரியகுளத்தை அடுத்துப் பழைய பௌத்தப் பள்ளியொன்று உளது. சிங்கள மக்கள் அதனை வெல்கம் விகாரை என்பர். நம் முன்னோர் நாதனார் கோயில் என்றனர். அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுக்களோ இராசராசப் பெரும்பள்ளி என மூன்றாவதொரு பெயரைத் தருகின்றன. அவை தமிழிற் பொறிக்கப்பட்டவை.

போர்க்காலத்தில் அவ்வழிச் செல்லல் எமக்கு அரிதாயிற்று. 2009இல் போர் ஓய்ந்த பின்னரே மாணாக்கர் சிலருடன் யான் அங்குச் சென்றேன். இடிந்த சுவர்களையும் புத்தர் சிலையையும் கண்டு நின்ற ஒருவன், "ஐயா, இஃது எங்களுடையதா, அவர்களுடையதா?" என வினவினான். குற்றம் அவனதன்று, அவன் வளர்ந்த காலத்தினது. கல்லைப் படி என்றேன்.

கல் பேசுவது பெரும்பாலும் விளக்கைப் பற்றியே. நொந்துதல் என்பது அவிதல். நொந்தா விளக்காவது அல்லும் பகலும் அவியாத விளக்கு. அதற்குப் பொன்னை ஒருமுறை கொடுத்து ஒதுங்குதல் போதாது. பசுக்களை விடுவர், ஏற்றவர் நாள்தோறும் நெய்யளப்பர், கன்றுகள் வளர்ந்து மூத்தவற்றின் இடத்தை நிரப்பும். ஆதலின் அத்தகைய கால்நடையைச் 'சாவா மூவா' என்றல் சாசன மரபு. (எத்துணை அழகிய தொடர்! கணக்கெழுதுவோனும் புலவனாயிருந்த காலம் அது.) நெய் தவறாது வருதற்கு வழி அச்சமற்றதாயிருத்தல் வேண்டும், மேய்ப்பவன் உயிரோடிருத்தலும் வேண்டும்.

இவ்விளக்குகள் ஏற்றப்பட்ட காலம் யாது? 993ஆம் ஆண்டளவிற் சோழர் படை ஈழத்துட் புகுந்தது. 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். அப்படையினர் விகாரைகளைக் கொள்ளையிட்டனர் எனச் சூளவம்சம் வருந்திக் கூறும். அதனை மறைத்துச் சோழரை அறவோராக நிறுவ யான் விரும்பேன். ஆயினும் அவர் ஆட்சியிலேயே இப்பள்ளி அரசன் பெயரையே தாங்கி நின்றது; தமிழ்ப் பெயருடையோர் பலர் இதற்குத் தானஞ் செய்தனர். இங்கு வழிபட்டோர் தமிழ்ப் பௌத்தர் என்றற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அதே இராசராசன் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்தமையும் ஈண்டு நினையத்தக்கது.

பொலன்னறுவைக் கல்வெட்டொன்று இதனினும் வியப்புடையது. வேளைக்காரப் படையினர் ஒருகால் முதலாம் விசயபாகுவுக்கு எதிராகக் கிளர்ந்து அரண்மனைக்குத் தீயிட்டவர். அம்மன்னன் 1110இல் மறைந்தபின், புத்தரின் தந்தம் வைத்த தளதாய்ப் பெரும்பள்ளியைக் காக்குமாறு தேரர் வேண்டியது அவரையே. அவரும் தமக்குக் கேடு வரினுங் காப்போம் எனத் தமிழிற் பொறித்துக் கொடுத்தனர். வாளுடையானிடம் பள்ளியை ஒப்புவித்த தேரரின் துணிவை யான் பலகாலும் எண்ணியதுண்டு.

இவற்றையெல்லாம் கேட்ட பின் அம்மாணவன், "இன்று அங்கே நெய்யளப்பவர் யார், ஐயா?" என்றான். எனக்கு விடை எழவில்லை. வண்டி புறப்படும்வரை அவன் கல்லெழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தன் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தான்.