பக்கச் சங்கிலியின் காவலர்

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆந் திகதி, வாடிக்கையாளர் ஒருவர் தமது கணக்கிலிருந்த 5,000 ஈதர் நாணயங்களை மீளப் பெற முயன்றார். அவை கிடைக்கவில்லை. காரணம் யாதென ஆராயப் புகுந்தபோதுதான், ரோனின் என்னும் பக்கச் சங்கிலியின் பெட்டகம் ஆறு நாள்களுக்கு முன்னரே கொள்ளை போய்விட்டதென்பது அதனை நடத்தியோருக்குத் தெரிய வந்தது. 1,73,600 ஈதரும், அமெரிக்க டொலருக்குச் சமமாக மதிக்கப்படும் நாணயத்தில் 2 கோடி 55 இலட்சமும் மறைந்து போயிருந்தன. அன்றைய விலைப்படி இவற்றின் பெறுமதி 60 கோடி டொலருக்கும் மேற்பட்டது.

ஆறு நாள் வரை ஒருவரும் அறியாத களவு என்பதே வியப்புக்குரியது. அதனினும் வியப்புக்குரியது வேறொன்றுண்டு. அந்நாணயங்கள் பதிவாகியிருந்த எதேரியம் என்னும் பேரேட்டில் யாதொரு பிழையும் நேரவில்லை. அப்பேரேடு தன் விதிப்படியே நடந்தது. விதிப்படியே செல்வத்தைக் கள்வரிடம் ஒப்புவித்தது. இது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை அறிவதற்கு, பேரேடு என்றால் என்ன, பக்கச் சங்கிலி என்றால் என்ன என்பவற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

கிரிப்டோ நாணயம் கையிற் பிடிக்கத்தக்க காசன்று. ஒரு பேரேட்டிலுள்ள பதிவே அந்நாணயம். 2009ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய பிட்கொயினை எடுத்துக்கொள்வோமாயின், உலகெங்கும் பரந்துள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டின் பிரதியை வைத்துக் காக்கின்றன. ஏறக்குறையப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, புதிய கொடுக்கல் வாங்கல்கள் ஒரு கட்டாகக் கட்டப்பெற்று முந்திய கட்டுடன் பிணைக்கப்படுகின்றன. பிளொக்செயின், அதாவது கட்டுச் சங்கிலி, என்னும் பெயர் இதனால் வந்தது. பழைய கட்டொன்றைத் திருத்த விழைபவன், அதன் பின்வந்த கட்டுகள் யாவற்றையும் புதிதாக ஆக்கியாதல் வேண்டும். அதற்கு வேண்டிய இயந்திரமும் மின்சாரமும் அளவிறந்தவை. பேரேட்டின் வலிமை அங்கேதான் இருக்கிறது.

வலிமைக்கு விலையும் உண்டு. பிட்கொயின் பேரேடு வினாடிக்கு ஏழு கொடுக்கல் வாங்கல் அளவே பதியவல்லது. எதேரியம் அதனின் விரைவுடையதெனினும், 2021ஆம் ஆண்டில் கூட்டம் மிகுந்து, சிறியதொரு மாற்றத்துக்கும் பல டொலர் கட்டணம் கொடுக்க நேர்ந்தது. நாலு டொலர்ப் பொருளை வாங்குவதற்குப் பத்து டொலர் கூலி கொடுப்பவர் எவர்?

இவ்விடரைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றாகவே பக்கச் சங்கிலி எழுந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் அடம் பாக் முதலிய ஆய்வாளர்கள் இதுபற்றி விரிவானதொரு கட்டுரை வெளியிட்டனர். தாய்ப் பேரேட்டின் அருகே வேறொரு பேரேட்டை நிறுவி, நாணயங்கள் அங்கே சென்று விரைவாகவும் மலிவாகவும் கைமாறி, வேண்டும்போது தாய்ப் பேரேட்டுக்கு மீளச் செய்யலாம் என்பதே அக்கருத்து.

ஆயினும் நாணயம் செல்கிறது, மீள்கிறது என்பவை உபசார வழக்கே. உண்மையில் எதுவும் செல்வதில்லை. தாய்ப் பேரேட்டில் நாணயம் பூட்டி வைக்கப்படுகிறது; பக்கச் சங்கிலியில் அதற்கீடாகப் புதியதொரு நாணயம் எழுதப்படுகிறது. பண்டசாலையில் நெல் மூடைகளை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுவது போன்றது இது. சீட்டு ஊரெங்கும் கைமாறலாம், கடன் தீர்க்கலாம், பெண்ணுக்குச் சீதனமாகவும் கொடுக்கலாம். நெல் பண்டசாலையிலேயே கிடக்கும். இறுதியிற் சீட்டைக் கொண்டு வருபவர் அதனைக் கிழித்துவிட்டு நெல்லைப் பெறுவார். நெல் களவு போயின், ஊரிலுள்ள சீட்டுகள் யாவும் வெறுந்தாளே.

பண்டசாலைக் கதவை யார் திறப்பது? இங்கேதான் பலரும் மயங்குகின்றனர். தாய்ப் பேரேட்டுக்குப் பக்கச் சங்கிலியில் நடப்பது தெரியாது. அங்கே எவர் எவருக்குக் கொடுத்தார், எந்தச் சீட்டுக் கிழிக்கப்பட்டது என்பவற்றை அது காண்பதில்லை. தன் முன் நீட்டப்படும் கையொப்பம் பூட்டுக்குப் பொருந்துகின்றதா என்பதொன்றையே நோக்கும். பொருந்தினாற் கதவு திறக்கும். ஆகவே தாய்ப் பேரேட்டை ஆயிரக்கணக்கான கணினிகள் காத்து நின்றபோதிலும், பக்கச் சங்கிலியிற் பணம் வைத்தவனைக் காப்பவர் வாயிலில் திறவுகோலுடன் நிற்கும் சிலரே. தாயின் வலிமை பிள்ளைக்கும் வந்துவிடுமென எண்ணுதல் தவறு.

அச்சிலரும் ஒருவரையொருவர் காக்கும்படியே ஒழுங்கு செய்யப்படுகின்றனர். நம்மூர்க் கோயிற் பெட்டகத்துக்கு இரண்டு மூன்று பூட்டுகள் இட்டு, ஒவ்வொரு திறவுகோலையும் ஒவ்வொரு தருமகர்த்தாவிடம் கொடுத்து வைக்கும் வழக்கத்தை ஒத்தது அது. ஒருவர் கெட்டாலும் பெட்டகம் கெடாது. ஆனால் ஊர்க்கோடியிற் குடியிருக்கும் தருமகர்த்தா, அடிக்கடி வந்துபோவது தொல்லையென்று தம் திறவுகோலையும் முகாமையாளரிடமே விட்டுச் சென்றால் எத்தனை பூட்டு இருந்தும் பயன் யாது?

ரோனினில் நிகழ்ந்தது இதுவே. வியட்நாமைத் தளமாகக் கொண்ட ஸ்கை மேவிஸ் என்னும் நிறுவனம், அக்சி இன்பினிற்றி என்ற தன் விளையாட்டுக்காக எதேரியத்துடன் இணைத்து இப்பக்கச் சங்கிலியை அமைத்தது. அதற்குச் சான்றாளர் ஒன்பது பேர். அவருள் ஐவர் ஒப்பமிட்டாற் பணம் வெளியேறும். ஒன்பதில் நான்கு திறவுகோல்கள் ஸ்கை மேவிஸ் வசமே இருந்தன. 2021 நவம்பரில் விளையாடுவோர் தொகை பெருகி வேலை நெருக்கியபோது, ஐந்தாவது சான்றாளராகிய அக்சி மன்றம், தனக்காகவும் ஒப்பமிட அந்நிறுவனத்துக்கு அனுமதியளித்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு நின்றது, அனுமதியோ நீக்கப்படவில்லை. எவருக்கும் அது நினைவில்லை.

அடுத்த ஆண்டு, ஊழியரை ஏமாற்றும் சூழ்ச்சியால் நிறுவனத்தின் கணினிகளுட் கள்வர் புகுந்தனர். உயர்ந்த சம்பளத்தில் வேலை தருவதாகப் பொறியியலாளர் ஒருவருக்கு அனுப்பப்பட்ட போலிக் கடிதத்தினூடே அவர்கள் நுழைந்தனரெனப் பின்னர் பத்திரிகைச் செய்திகள் வெளிவந்தன. நான்கு திறவுகோல்கள் உள்ளேயே கிடைத்தன; மறந்து விடப்பட்ட அனுமதியால் ஐந்தாவதும் கிடைத்தது. மார்ச்சு 23ஆந் திகதி இரண்டே கட்டளைகளிற் பெட்டகம் வெறுமையாயிற்று. வடகொரியாவைச் சேர்ந்த லாசரஸ் கூட்டத்தினரே இதனைச் செய்தனரென அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகம் ஏப்பிரலில் அறிவித்தது.

பெருந்தொற்றுக் காலத்திற் பிலிப்பைன்ஸ் நாட்டில் வேலையிழந்த பலர் இவ்விளையாட்டினால் வந்த சிறு வருவாயைக்கொண்டு அரிசி வாங்கினர். அவர்கள் கண்ட கணக்கில் எண்கள் அப்படியே நின்றன. எண்களுக்குப் பின்னிருந்த பொருள் மட்டும் இல்லை. நிறுவனம் பிறரிடம் 15 கோடி டொலர் திரட்டித் தன் பணத்தையும் சேர்த்து ஈடு செய்து, யூன் மாத இறுதியிற் பாலத்தை மீளத் திறந்தது. கொடுப்பதற்கு ஆள் இருந்தமையாற் பிழைத்தனர். அதே மாதத்திற் கார்மனி என்னும் வேறொரு சங்கிலியின் பாலத்தில் ஏறக்குறைய 10 கோடி டொலர் போயிற்று. அங்கே ஐந்து திறவுகோல்களில் இரண்டே கதவைத் திறக்கப் போதுமாயிருந்தன. இரண்டு திறவுகோலைக் காவல் என்று அழைப்பதே மிகை.

திறவுகோல்களைப் பரவலாகக் கொடுத்துவிட்டால் அச்சம் தீருமோ? பிட்கொயினுடன் பிணைந்த லிக்குவிட் என்னும் பக்கச் சங்கிலியில், பதினைந்து பேரில் பதினொருவர் ஒப்பமிட வேண்டும். உறுப்பினர் பலர் ஒருங்கே செயலிழந்தாற் பணம் என்றென்றும் சிறைப்பட்டுவிடும் என்பதற்காக, குறித்த காலம் கடந்தபின் மூன்றில் இரண்டு அவசரத் திறவுகோல்களாலேயே திறக்கத்தக்க வழியொன்றும் வைக்கப்பட்டிருந்தது. 2020 யூனில், கால அளவைகள் தம்முள் ஒவ்வாமையால், 870 பிட்கொயின் சிறிது நேரம் அந்த அவசர வழிக்கு உட்பட்டு நின்றது. ஒரு காசேனும் போகவில்லை. எனினும் பதினொருவர் காவல் என்று நம்பியிருந்தோர், அந்நேரத்தில் இருவர் காவலில் இருந்தனர். பூட்டை வலுப்படுத்துவோர் பொருள் சிறைப்படுவதற்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது; அவ்வச்சமே பின்கதவை வைக்கிறது.

மனிதரை விடுத்துக் கணிதத்தையே காவல் வைக்கலாமென்போரும் உளர். பக்கச் சங்கிலியிற் சீட்டுக் கிழிக்கப்பட்டமைக்குச் சான்றைத் தாய்ப் பேரேடே சோதிக்கும்படி நிரல் எழுதுவர். நன்றே, ஆனால் நிரலை எழுதுபவரும் மனிதரே. 2021 ஒக்டோபரில், எதேரியத்துடன் இணைந்த பொலிகன் சங்கிலியின் பாலமொன்றில், கிழித்த சீட்டொன்றையே சற்று மாற்றி 223 தடவை மீண்டும் காட்டிப் பணம் பெறத்தக்க ஓட்டை இருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு இலட்சம் டொலர் இட்டவன் இரண்டு கோடிக்கு மேல் எடுத்திருக்கலாம். ஆபத்துக்கு உட்பட்டிருந்த தொகை 85 கோடி டொலர். கண்டவர் நல்லவராதலின் அறிவித்தார். 20 இலட்சம் டொலர் பரிசும் பெற்றார்.

பிட்கொயினுக்காக உழைக்கும் இயந்திரங்களையே பக்கச் சங்கிலியையும் சேர்த்துக் காக்கச் செய்யும் முறையும் உண்டு. 2018இல் தொடங்கிய ரூட்ஸ்டொக் அவ்வகையினது. அவ்வியந்திரங்களிற் சிறு பங்கே சேர்ந்தால், அச்சிறு பங்கை மிஞ்சிய வலிமையுடையவன் பக்கச் சங்கிலியின் அண்மைப் பதிவுகளைத் திருத்திவிடலாம். இதனாலேயே 2014ஆம் ஆண்டுக் கட்டுரையாளர், மீளும் நாணயம் ஒன்றிரண்டு நாளேனும் காத்திருக்க வேண்டுமென்றனர். அதற்கிடையிற் பொய்ச் சான்று வந்திருந்தால் எவரேனும் மறுத்துரைக்கலாம். விரைவை நாடி வந்தோருக்கு அக்காத்திருப்பு கசக்கிறது. காத்திருப்பைக் குறைப்போம் என்று விளம்பரம் செய்யும் பாலங்களுக்கே கூட்டம் சேர்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கச் சங்கிலி கெட்டால் தாய்ப் பேரேடு கெடுவதில்லை. பூட்டி வைத்த அளவே நட்டம். அதனைப் படைத்தோர் இத்தடுப்புச் சுவரைப் பெருஞ்சிறப்பாகக் கூறுவர். உண்மைதான். ஆனால் அச்சுவர் காப்பது தாய்ப் பேரேட்டில் இருப்போரை. கடந்து அப்பால் போனவர்களை அன்று.

கொள்ளைக்குப் பின்னர் ரோனின் ஒன்பதில் எண்மர் ஒப்பமிட வேண்டுமென விதித்தது; சான்றாளரையும் பெருக்கியது; ஒரே தடவையில் எடுக்கத்தக்க தொகைக்கு எல்லையும் வகுத்தது. 2024 ஓகத்து 6ஆந் திகதி பாலத்தின் நிரலைப் புதுப்பித்தபோது, எத்தனை ஒப்பம் வேண்டும் என்னும் இடத்தில் எண் எழுதப்படாமல் விடுபட்டது. கணினி அதனைச் சுழியமென வாசித்தது. ஒரு ஒப்பமும் இன்றி ஏறக்குறைய 4,000 ஈதரும் 20 இலட்சம் டொலர் நாணயமும் வெளியேறின. எடுத்தவர் திருப்பிக் கொடுத்து, 5 இலட்சம் டொலர் வெகுமதி பெற்றுச் சென்றார். அன்று எஞ்சிய செல்வத்தைத் தடுத்து நின்றது, தொகைக்கு வகுத்த அந்த எல்லை.