முதலில் தோட்டத்தில், பிறகு நகரத்தில்

நகர விழாவில் வைப்பதற்கு வட சிலாங்கூரைப் பற்றி ஒரு கலைப்படைப்பு செய்யுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னால், அவர்கள் எதில் தொடங்குவார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களை மொய்க்கும் மின்மினிகள், செகிஞ்சான் வயல்வெளி, புக்கிட் மெலாவத்தி கலங்கரை விளக்கம். எல்லாமே அழகு, எல்லாமே உண்மை. ஆனால் கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று தோட்டங்கள்தாம். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. இரண்டிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைப்பு. சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் பெஸ்தாரி ஜெயா வளாகமும் இந்தச் சீமையில்தான் இருக்கிறது. தோட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது மட்டும் போதாது என்பதே இந்த வாரத்து வாதம். சேர்த்துக்கொள்வது எளிது: நாலு மங்கு, ஒரு பால்கத்தி, ஒரு காண்டா வாளி கிடைத்தால் மேடையில் தோட்டம் வந்துவிடும். யாருடைய வாழ்க்கை காட்டப்படுகிறதோ அவர்கள், முதல் வரைபடம் போடுவதற்கு முன்பே மாணவர்களோடு உட்கார்ந்து, எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் அதற்குச் சமூகக் கலை என்ற பெயர் பொருந்தும். திறப்பு விழாவுக்கு அழைத்து முன்வரிசையில் உட்காரவைப்பது மரியாதைதான்; ஆனால் அதைப் பங்கேற்பு என்று சொல்ல முடியாது.

பினாங்கு ஜார்ஜ்டவுனைப் பார்த்தால் இது விளங்கும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்க 1997-இல் முடிவாகி, 2000 பிறந்தபோது பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்களும் கைத்தொழிலாளிகளும் நகரின் நடுவிலிருந்து வெளியேறத் தொடங்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த ஜேனட் பிள்ளையின் முன்முயற்சியில் ஆர்ட்ஸ்-எட் அமைப்பு 'அனாக்-அனாக் கோத்தா' என்ற திட்டத்தை அங்கே நடத்தியது. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். தொழிலாளிகளிடமும் குடியிருப்போரிடமும் கேட்டார்கள், குறித்தார்கள், அதன் பிறகே கலைஞர்களின் துணையோடு படைத்தார்கள். 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம், 2010-இல் ஜார்ஜ்டவுன் விழா, 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரெவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் தீட்டிய சைக்கிள் பிள்ளைகள் என்று பின்னர் வந்தவற்றை உலகமே அறியும். அந்த ஓவியத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்ள அந்தத் தெருவில் யார் வாழ்ந்தார்கள் என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. கேட்டு எழுதிய பிள்ளைகளாலோ அது தெரியாமல் ஓர் அடிகூட நகர்ந்திருக்க முடியாது. ஊர் காலியாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த வேறுபாடு பெரியது.

இதற்கு உடனே வரும் மறுப்பு, நேரம். ஒரு பருவத்துக்குள் மதிப்பெண் வாங்க வேண்டிய மாணவர், விழாத் தேதி நெருங்கும்போது லயம் லயமாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? நியாயமான கேள்வி. அதற்குப் படைப்பின் அளவைக் குறைக்கலாம். கேட்பதைக் குறைக்கக் கூடாது. இருபது அடி உயரக் கம்பிக் கூட்டுக்குச் செலவாகும் வாரங்களில் பாதியைப் பெரட்டுக் களத்தைப் பற்றியும் ஆயாக்கொட்டகையைப் பற்றியும் கேட்பதற்குக் கொடுத்தால், ஆறடியில் செய்தாலும் அதில் விஷயம் இருக்கும். இன்னொரு மறுப்பு, தோட்டத்து மக்களுக்குக் கலைப்படைப்பு பற்றி என்ன தெரியும் என்பது. இதை ஏற்கவே முடியாது. திறந்தவெளியில், பலர் கூடி, சில நாளைக்கென்று ஒன்றைக் கட்டி எழுப்பும் வித்தை மாரியம்மன் திருவிழா நடத்தும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் பழகியது. ஓலைத் தோரணம் பின்னுகிறவர், பந்தலுக்குக் கால் நடுகிறவர், தேருக்கு விளக்குக் கட்டுகிறவர், வாசலில் கோலம் போடுகிறவர் என்று வேலை பிரிகிறது. எடை எங்கே தாங்கும், மழை வந்தால் எது சாயும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். வடிவமைப்பு வகுப்பில் மாணவர் கற்பதில் ஒரு பகுதியை இவர்களிடமே கற்கலாம்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பெரியவர்களைப் பேசவிட்டால் பழைய நினைவின் இனிமை மட்டுமே வரும், கூலியும் கடனும் அடங்கி நடந்த வாழ்வும் மறைந்துவிடும் என்ற அச்சம். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அப்படி நேரலாம். பால் வெட்டிய பாட்டியிடமும், குலை வெட்டிய மகனிடமும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குப் போன பேத்தியிடமும் கேட்டால் மூன்று கதைகள் ஒன்றையொன்று திருத்தும். தவிர, இந்த வட்டாரத்தில் தோட்டம் என்பது முடிந்துபோன கதையும் இல்லை. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் போராடின. அவர்களிடம் போய்ப் பழைய நாள் எப்படியிருந்தது என்று மட்டும் கேட்கும் மாணவருக்குப் பதில் வீட்டைப் பற்றியே வரும். அந்தப் பதிலையும் படைப்பு தாங்க வேண்டும். விழா ஏற்பாட்டாளருக்கு அது சங்கடமாக இருந்தாலும் சரி.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் தோட்டம், பிறகு நகரம். ஜெராமை அடுத்த சாசாரான் மீனவக் கிராமத்தில் பன்னாட்டுக் கலைவிழாவே நடந்திருக்கிறது. கலை ஊர் தேடி வருவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. மாணவர் செய்யும் படைப்பு முதலில் தோட்டத்து மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளித் திடலிலோ நிற்கட்டும். பேசியவர்கள் வந்து பார்த்து, இது இப்படியில்லை என்று சொல்லவும், வேண்டாம் என்பதை எடுத்துவிடச் சொல்லவும் உரிமை பெறட்டும். திருத்திய பிறகு ஷா ஆலத்துக்கோ கிள்ளானுக்கோ லாரி ஏறட்டும். விழா முடிந்ததும் அதை எங்கே வைப்பது என்பதையும், பதிவான குரல்களின் படி ஒன்று எந்தப் பள்ளி நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதையும் பேசியவர்கள் தோட்டத்தில் பார்க்க வரும் அன்றே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளலாம்.

(தொடரும்)