இருப்புப்பாதைக்கு மண் வெட்டிய பாட்டனார்

"தாதுப் பஞ்சத்துக்கு முந்தி ரயிலுக்கு மண் வெட்டப் போனாக, போய்க் காட்டைத் திருப்பினாக."

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த என் ஆச்சி, தம் கணவருடைய பாட்டனாரைப் பற்றி எனக்குச் சொல்லிச் சென்ற வரலாறு இவ்வளவே. சிறுவனாக இருந்தபோது இச்சொற்களைக் கேட்டு, அவர் வேலைக்குப் போய்த் திரும்பி வந்து நிலத்தை உழுது புரட்டினார் என்று பொருள் செய்துகொண்டேன். அது பிழை என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தப் பிழையும் அது திருந்திய வகையும் தம் முன்னோரைத் தேட விரும்பும் மாணவர்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணியே இதனைச் சொல்லத் துணிந்தேன்.

முதலில் எழுந்த ஐயம், 'எந்த ரயில்?' என்பது. சங்கரநாராயணர் திருக்கோயிலாலும், கோமதியம்மனின் ஆடித் தபசுத் திருவிழாவாலும் புகழ்பெற்ற எங்கள் ஊருக்குப் புகைவண்டி வந்தது 1927ஆம் ஆண்டில். விருதுநகரையும் தென்காசியையும் இணைக்கும் பாதை அப்போதுதான் திறக்கப்பெற்றது. தாதுப் பஞ்சமோ 1876இல் தொடங்கி 1878 வரை நாட்டை வாட்டியது. இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டு கிடக்கிறது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குச் சென்ற பாதை 1903இல் முடிந்தது. மலையைக் குடைந்து கொல்லத்தோடு அது இணைந்தது 1904இல். அதுவும் காலத்தால் பொருந்தவில்லை. எஞ்சியது ஒரே பாதை. மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்குச் சென்ற அப்பாதை 1876ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. கோவில்பட்டி எங்கள் ஊருக்குக் கிழக்கே, கால்நடையாக ஒன்றிரண்டு நாளில் அடையத்தக்க தொலைவில் உள்ளது. ஆகவே ஆச்சி சொன்ன பஞ்சம் ஒரு கதைக் குறிப்பன்று. ஆண்டைக் காட்டும் குறிப்பே என்று தெளிந்தேன்.

இனி அவர் பெயரை எங்கே காண்பது? இரயில்வேயில் வேலை செய்தவரை இரயில்வேக் கணக்கில் தேடுவதுதானே முறை என்று எண்ணினேன். அப்பாதையை அமைத்தது தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி. அது 1874இல் இரு பழைய கம்பெனிகள் இணைந்து உருவானது. 1944இல் அரசின் உடைமையாயிற்று. 1951இல் தென்னக இரயில்வேயின் ஒரு பகுதியாயிற்று. இத்தகைய கம்பெனிகளின் பழைய ஏடுகளுள் ஒரு பகுதி இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளில் உள்ளது. அவற்றில் பெயரோடு காணப்படுவோர் பெரும்பாலும் கம்பெனி நேராக நியமித்த பொறியாளர், ஓட்டுநர், நிலைய அதிகாரி முதலியோர். மண் வெட்டியவர் பெயரை அங்கே எதிர்பார்ப்பது வீண்.

ஏன் என்று சற்று ஆராய்வோம். மண்வேலை ஒப்பந்தக்காரரிடம் விடப்படும். அவர் மேஸ்திரிகளிடம் பிரித்துக் கொடுப்பார். மேஸ்திரி தம் ஊரிலும் அண்டை ஊர்களிலும் ஆள் திரட்டுவார். வெட்டிய குழியின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளந்து, இத்தனை கன அடி என்று கணக்கெழுதிப் பணம் கொடுக்கப்படும். ஆகவே கணக்கில் மண் இருக்கும், மனிதன் இருக்கமாட்டான். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் தூத்துக்குடியில் இறங்கி இப்பாதை வழியாகவே பயணம் செய்தார். அவர் வருகையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தனர். அவர் ஏறிவந்த கரையை உயர்த்தியவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதுவதற்கு எவருக்கும் தேவை இருக்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கு உதவாதா என்று மாணவர்கள் கேட்கலாம். சென்னை மாகாணத்தில் 1871இலும், நாடு முழுவதும் ஒரே சமயத்தில் 1881இலும் கணக்கெடுப்பு நடந்தது உண்மையே. ஆனால் இங்கிலாந்தில் வீடுதோறும் எழுதிய தாள்களைக் காத்து, 100 ஆண்டுகள் கழித்து மக்கள் பார்க்கத் திறந்துவிடுவதுபோல் இங்கே செய்யவில்லை. தொகைகளைக் கூட்டி அச்சிட்டபின் வீட்டுத் தாள்கள் கழிக்கப்பட்டன. அறிக்கையில் எங்கள் வட்டத்தின் தொகை கிடைக்கிறது. என் முன்னோரின் பெயர் கிடைக்கவில்லை.

அடுத்துக் கடல் கடந்து தேடினேன். அந்நாளில் 'ரயிலுக்குப் போனவர்' எல்லாரும் உள்நாட்டிலேயே இருந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டுக்கு 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை வழியாகச் சென்றவர்கள். கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் பலர் உழைக்க, நேட்டால் அரசாங்க இரயில்வேயிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தனர்.

அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணின் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். தர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள இக்கப்பல் பட்டியல்களை இப்போது கணினி வழியாகவும் தேடிப் பார்க்க முடிகிறது. தாய்நாட்டில் மண் வெட்டிய தமிழனின் பெயரைக்கூட எழுதாத அதே காலம், கடல் கடந்த தமிழனின் மச்சத்தைக்கூட எழுதி வைத்திருக்கிறது. இது எனக்குப் பெரு வியப்பைத் தந்தது.

அப்பட்டியலில் என் முன்னோரின் பெயரைக் கொண்டோர் பலரைக் கண்டேன். முதல் பெயரைக் கண்டதும் 'இவர்தாம்' என்று உள்ளம் துள்ளியது. அந்தத் துள்ளலே ஆராய்ச்சிக்குப் பகை. எங்கள் பக்கத்தில் அப்பெயர் தெருவுக்கு நால்வருக்கு உண்டு. பெயர், தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்றும் ஒத்துவந்தாலன்றி ஒருவரை நம்மவர் என்று கொள்ளலாகாது. அவ்வாறு ஒத்துவந்தவர் எவரும் இலர். ஊர்ப்பெயரைத் தேடும்போதும் விழிப்பு வேண்டும். அக்காலப் பதிவுகளில் சங்கரன்கோவில் 'சங்கரநயினார்கோவில்' என்றே வரும். திருநெல்வேலி 'தின்னவேலி' என்று வரும். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துகளை வாய்விட்டுப் படித்துப் பார்த்தே இனங்காண வேண்டும்.

பின்னர்க் காலத்தையும் ஒத்துப் பார்த்தேன். 1866 முதல் 1874 வரை நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது. ஒப்பந்தமோ ஐந்தாண்டுக்கு உரியது. 1874இல் புறப்பட்டவர் ஒப்பந்தம் முடித்துத் திரும்பியிருந்தால், பஞ்சம் கழிந்த பின்பே திரும்பியிருப்பார். ஆச்சியின் சொல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இலங்கையில் கண்டி வரை 1867இலேயே இருப்புப்பாதை சென்றுவிட்டது. ஆனால் கங்காணிகள் வழியாக அங்கே சென்றவர்க்கு நேட்டாலைப் போன்ற பெயர்ப்பட்டியல் இல்லை. ஆகவே இருபுறமும் வழி அடைபட்டு நின்றேன்.

அப்போதுதான் ஒரு கேள்வி எனக்கு உதித்தது. நேட்டாலில் ஏன் மச்சம்வரை எழுதினார்கள்? அன்பினால் அன்று. அக்கூலியாளுக்காகக் கப்பற் கட்டணம் செலவழிக்கப்பட்டிருந்தது. ஐந்தாண்டு உழைப்பு அவரிடமிருந்து வரவேண்டியிருந்தது. ஓடிப்போனால் பிடித்துவர அடையாளம் தேவைப்பட்டது. 1895இல் இயற்றிய சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குவோரிடம் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி வாங்கவும் அந்த எண் பயன்பட்டது; காந்தியடிகள் முன்னின்று நடத்திய போராட்டத்துக்குப் பின்னர் 1914இல் அவ்வரி நீங்கிற்று. ஒருவரிடம் ஏதேனும் பெறவேண்டியிருக்கும்போதுதான் அவர் பெயர் ஏட்டில் ஏறுகிறது. எனவே 'அவர் என்ன வேலை செய்தார்?' என்பதைவிட, 'அவரிடம் எவருக்கு என்ன வரவேண்டியிருந்தது?' என்று கேட்பதே ஏட்டைக் கண்டுபிடிக்கும் வழி.

இக்கேள்வியோடு ஆச்சியின் சொல்லை மீண்டும் நினைத்தேன். 'காட்டைத் திருப்பினாக.' எங்கள் பக்கத்தில் காடு என்பது புஞ்சை நிலம். திருப்புவது என்றால் உழுவது அன்று. ஒத்தி வைத்ததை மீட்பது. ஒத்தி என்பது ஒருவகை அடமானம். பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைவை அனுபவிப்பார். முதலைக் கொடுத்தால் நிலம் திரும்பும். நான் இத்தனை ஆண்டும் தேடவேண்டிய இடத்தை ஆச்சி ஒரே வினைச்சொல்லில் காட்டியிருந்தார். அவர் பெயர் இரயில்வேக் கணக்கில் இல்லாமற் போகலாம். கடன் பத்திரத்தில் இல்லாமற் போகுமா?

நிலத்தைத் தேடுவோர் முதலில் தம் ஊர் அந்நாளில் எத்தகைய ஊர் என்று அறிய வேண்டும். அரசுக்கு நேரே வரி கட்டிய அயன் கிராமமாயின் கணக்குகள் தாலுகா, ஜில்லா அலுவலகங்களில் இருந்து வந்திருக்கும். சிவகிரி, ஊற்றுமலை போன்ற ஜமீன்களைச் சேர்ந்ததாயின், 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்பே அவ்வூர் அரசின் நேர் நிருவாகத்துக்குள் வந்திருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் நில அளவை, வரித்திட்டம் பற்றிய பழைய பதிவுகள் உள்ளன. எங்களுடையது அயன் கிராமம். குடும்பத்துப் பட்டாக்களைக் கொண்டு நிலத்தை அடையாளங்கண்டு, பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய பதிவைத் தேட மனுச் செய்தேன். அசையாச் சொத்துப் பற்றிய பத்திரங்களின் நகல் அங்கே முதற் புத்தகத்தில் இருக்கும். பெயர்வழியிலும் நிலவழியிலும் அதற்கு அகராதிகள் உண்டு. 100 ரூபாய்க்குக் குறைந்த அடமானத்தைப் பதிந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அக்காலத்தில் இல்லை. எங்கள் பத்திரத்தின் தொகை அதற்கும் குறைந்ததே. இருந்தும் கடன் கொடுத்தவர் முன்னெச்சரிக்கையாகப் பதிந்து வைத்திருந்தது என் நற்பேறு.

ஒத்திப் பத்திரத்தின் நாள், கொல்லம் 1048ஆம் ஆண்டு, ஸ்ரீமுக வருஷம், ஆனி மாதம். நெல்லைச் சீமைப் பழம் பத்திரங்களில் கொல்லம் ஆண்டே மிகுதி. ஆவணி முதல் மார்கழி நடுவரை உள்ள நாளாயின் அதனோடு 824ஐயும், பிற்பகுதியாயின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். எனவே இது 1873. மீட்புப் பத்திரமோ 1051ஆம் ஆண்டு, யுவ வருஷம், மாசி மாதம், அதாவது 1876. யுவ வருஷத்தை அடுத்து வருவது தாது வருஷம். ஆச்சி சொன்னது எழுத்துப் பிசகாமல் நின்றது.

பெயர், தந்தை பெயர், ஊர் மூன்றும் அங்கே ஒத்திருந்தன. கடைசியில் அவர் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 'இன்னார் கீறல்' என்று எழுத்தர் குறித்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு கோடு கீறுவது அன்றைய வழக்கம். நான் கண்டது அக்கோட்டை அன்று. நகல் புத்தகம் ஆதலால், கோடு கீறினார் என்னும் குறிப்பை மட்டுமே. ஆயினும் அப்பக்கத்தின்மேல் கை வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன்.

இனி உண்மையைச் சொல்லவேண்டும். அவ்விரு பத்திரங்களிலும் இரயில் என்ற சொல்லே இல்லை. அவர் 1873இல் நிலத்தை ஒத்தி வைத்தார், 1876இல் மீட்டார், அவ்வாண்டுகளிலேயே கோவில்பட்டி வழியாக இருப்புப்பாதை அமைந்தது. இவை ஏடு சொல்பவை. அவர் அங்கே மண் வெட்டிய கூலியைக் கொண்டே மீட்டார் என்பது ஆச்சியின் வாய்மொழி. ஏடும் வாய்மொழியும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, தாங்கி நிற்கின்றன. அதற்கு மேல் ஓரடியும் எடுத்து வைக்க எனக்கு உரிமை இல்லை. நிலம் திரும்பிய ஆண்டிலேயே பஞ்சம் வந்தது. அப்பஞ்சத்தில் அந்நிலம் மீண்டும் ஒத்திக்குப் போனதாகப் பதிவேட்டில் இல்லை. அந்தப் பஞ்சத்தை எங்கள் குடும்பம் எவ்வாறு தாண்டிற்று என்பதற்கு இதைவிட வேறு விடை எனக்குக் கிடைக்கவில்லை; வேண்டவும் இல்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. என் முன்னோருக்கு ஒத்தி வைக்க ஒரு துண்டுக் காடாவது இருந்தது. அவரோடு மண் சுமந்தவர்களுள் நிலமே இல்லாதவர் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். கடன் கொடுப்பாரும் இல்லாத அவர்களை எந்தப் பத்திரம் அறியும்? சிலரைத் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் காட்டலாம். சிலரை நீதிமன்ற வழக்குக் கட்டுகள் காட்டலாம். மற்றவர் வாழ்வது முதியோரின் நினைவில் மட்டுமே.

ஆதலால் மாணவர்களே, காப்பகத்துக்குச் செல்லுமுன் உங்கள் வீட்டுத் திண்ணைக்குச் செல்லுங்கள். பாட்டனும் பாட்டியும் சொல்வதை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, நாளையும் குறித்து வையுங்கள். உங்களுக்குப் பொருள் விளங்கவில்லை என்பதற்காக ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். 'திருப்பினாக' என்றதை நான் 'உழுதார்' என்று எழுதி வைத்திருந்தால், அந்தக் கீறலை என்றும் கண்டிருக்கமாட்டேன்.