கம்ப்யூட்டருக்கும் பரீட்சை!

குட்டி செஸ் வீரர்களே! இரண்டு செஸ் புரோகிராம்களில் எது கெட்டிக்காரப் புரோகிராம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மோதவிட்டுப் பார்க்கலாம். இன்னொரு வழி, பரீட்சை வைப்பது! இவான் பிராட்கோ, டேனி கோபெக் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் 1982-ல் அப்படி ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். மொத்தம் 24 புதிர்கள். ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம்தான். மனிதர்களுக்கும் இதே தாள்தான்!

முதல் கேள்வி இதோ. காய்களை அடுக்குங்கள்.

வெள்ளை: ராஜா சி1, ராணி இ3, யானை எஃப்7, மந்திரிகள் சி4, எஃப்2, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2.

கறுப்பு: ராஜா பி8, ராணி டி6, யானை டி8, மந்திரி டி7, சிப்பாய்கள் ஏ7, பி7, இ5, ஜி6, எச்6.

கறுப்பு ஆட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

இப்படி அதிரடி ஆட்டம் கேட்கும் கேள்விகள் 12. அவற்றில் அந்தக் கால கம்ப்யூட்டர்களுக்கு நல்ல மார்க். மற்ற 12-ல் வெட்டுக்குத்து இல்லை. சரியான சிப்பாயைத் தள்ளினால் போதும். அங்கேதான் திணறின! ஆகவே இரண்டு புரோகிராம்கள் ஒரே மார்க் வாங்கினாலும் இரண்டும் சமம் என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கேள்விகளில் வாங்கின என்று பார்க்க வேண்டும்.

விடை: ராணியை டி1-ல் வைத்து செக்! ஐயோ, ராணி போச்சே என்கிறீர்களா? ராஜா அதை வெட்டியே தீர வேண்டும். உடனே மந்திரி ஜி4-க்குப் போனால், மந்திரியும் யானையும் சேர்ந்து செக். ராஜா எந்தப் பக்கம் ஓடினாலும் யானை டி1-க்கு வரும். செக்மேட்!